தொட்டிலிலேயே தெரியுமா?

பேச்சு வராத குழந்தையின் காதுக்கு என்ன எட்டுகிறது என்பதை அறிய 1971இல் ஒரு வழி கிடைத்தது. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஐமாஸும் அவருடன் பணியாற்றிய மூவரும் ஒரு மாத, நான்கு மாதக் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, அவர்கள் அதைச் சப்பும் வேகத்தை அளந்தார்கள். வேகமாகச் சப்பினால் ஓர் அசை ஒலிக்கும். அதே அசை திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது குழந்தைக்குச் சலித்து வேகம் குறையும். அப்போது அசையை மாற்றுவார்கள். மாறியதை உணர்ந்த குழந்தை மறுபடி வேகமாகச் சப்பும். ‘பம்பரம்’ என்ற சொல்லின் முதல் எழுத்தையும் மூன்றாம் எழுத்தையும் ஒரே வடிவில் எழுதினாலும் வேறுவேறாக ஒலிக்கிறோம். ஏறத்தாழ அந்த அளவு வேறுபாட்டை ஒரு மாதக் குழந்தை கண்டுகொண்டது. அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் இத்துறை பெரிதாக வளர்ந்து, பெற்றோரின் ஒரு கேள்வியின் முன் வந்து நிற்கிறது: என் பிள்ளைக்குப் பேச்சு சரியாக வருமா என்று இப்போதே சொல்ல முடியுமா? குழந்தைகளைக் கூட்டமாக எடுத்துக்கொண்டால் இந்த ஆய்வுகள் நிறையச் சொல்கின்றன. மடியில் இருக்கும் ஒரு குழந்தையின் மொழியைப் பொறுத்தவரை முதல் ஆண்டில் உறுதியாக அறியக்கூடியது அதன் செவித்திறன் ஒன்றுதான் என்பது என் வாதம். நம்முடைய கவலையும் பணமும் செவித்திறனுக்கு முதலிடம் தந்து செலவாகவில்லை என்பது அதன் மறுபாதி.

குழந்தை எவ்வளவு சீக்கிரம் மொழிக்குள் நுழைகிறது என்பதைப் பற்றி இப்போது ஐயமில்லை. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசு மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை நாடுகிறது என்று 1980இல் ஆன்டனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் காட்டினார்கள். கருவிலேயே காது வேலை செய்யத் தொடங்கிவிடுவதால்தான் இது முடிகிறது. தாய்மொழியின் தாளத்தை அந்நிய மொழியின் தாளத்திலிருந்து பிறந்த சில நாட்களிலேயே குழந்தை பிரித்தறிவதைப் பாரிஸில் ழாக் மெலேயின் குழு 1988இல் கண்டது. இடைவெளியே இல்லாமல் ஓடும் அசைகளுக்குள் எந்த அசையை அடுத்து எது அடிக்கடி வருகிறது என்பதை வைத்துச் சொல்லின் எல்லையைக் கண்டுபிடிக்க எட்டு மாதக் குழந்தைக்கு இரண்டு நிமிடம் கேட்டால் போதும் என்பது ஜென்னி சாஃப்ரன் குழுவின் 1996ஆம் ஆண்டுச் சோதனை. உணவு, உடலுறுப்பு ஆகியவற்றின் பெயர்கள் சிலவற்றின் பொருள் ஆறு முதல் ஒன்பது மாதத்திலேயே புரிகிறது என்று 2012இல் எலிகா பெர்கல்சனும் டேனியல் ஸ்விங்லியும் காட்டினார்கள். வாய் திறந்து முதல் சொல் வருவதற்கு மாதக் கணக்கில் முன்பே இவ்வளவும் நடந்து முடிகிறது.

இந்த வரிசையில் நம் காதுக்கு நெருக்கமான சோதனை 1984இல் கனடாவில் நடந்தது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தி மொழியின் ‘ட’, ‘த’ ஒலிகளை ஆங்கிலம் மட்டுமே புழங்கும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு தேவையில்லை. அதைப் பேசும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபடுத்தினார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் அதைச் செய்தவர்கள் மிகச் சிலரே. இந்தி வீட்டில் வளரும் குழந்தை அத்திறனை இழப்பதில்லை. தமிழ் வீட்டுக் குழந்தையும் நாளெல்லாம் கேட்கும் வேறுபாடு அது. தன் மொழிக்கு வேண்டாததைக் கைவிட்டு வேண்டியதைக் கூர்மையாக்கிக்கொள்ளும் இந்த மாற்றம் முதல் பிறந்தநாளுக்குள் முடிந்துவிடுகிறது. குழந்தை மொழி ஆய்வில் இதைவிட உறுதியாக மீண்டும் மீண்டும் நிறுவப்பட்ட முடிவுகள் குறைவு.

இவ்வளவு சீக்கிரம் தொடங்குவது எங்கே பிசகினாலும் அப்பிசகும் சீக்கிரமே தெரிய வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்துக்குச் சான்றும் உண்டு. ஆறு மாதத்தில் உயிரொலிகளை நன்கு வேறுபடுத்திய குழந்தைகள் இரண்டு வயதில் கூடுதல் சொற்களும் வளமான வாக்கியங்களும் பெற்றிருந்ததை பட்ரீஷியா குல்லின் குழு 2004இல் வெளியிட்டது. குடும்பத்தில் மொழிக் குறைபாடோ வாசிப்புக் குறைபாடோ உள்ள சிசுக்களின் மூளை மின்னலைகள் ஒலி மாற்றத்துக்குத் தரும் எதிர்வினை மற்றச் சிசுக்களுடையதிலிருந்து வேறுபடுவதை ஜெர்மனியின் லைப்சிக்கில் ஆங்கெலா ஃப்ரீடெரிசியும், பின்லாந்தின் யுவாஸ்குலா நகரில் ஹெய்க்கி லூட்டினெனின் நெடுங்கால ஆய்வுக்குழுவும் பதிவு செய்திருக்கின்றன. பேச்சுக்கு முந்தைய ஒலிகளிலும் அறிகுறி உண்டு. ‘ங்கா’வில் தொடங்கும் குழந்தை பத்து மாத அளவில் ‘பபப’, ‘ததத’ என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளை அடுக்க வேண்டும். அது மிகவும் தாமதமானால் கவனிக்க வேண்டும் என்று கிம்ப்ரோ ஆலரின் ஆய்வுகள் கூறுகின்றன. இவை எல்லாம் கவனமாக நடத்தப்பட்ட ஆய்வுகள். சிக்கல் இவற்றைப் படிக்கும் விதத்தில் இருக்கிறது. இரண்டு கூட்டங்களின் சராசரி வேறுபடுகிறது என்று ஆய்வு சொல்கிறது. இந்தக் குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று செய்தித்தாள் படிக்கிறது. சராசரிகள் தெளிவாக வேறுபட்டாலும் இரு கூட்டங்களின் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கலாம்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். வேறு காரணம் எதுவும் காணப்படாத மொழிக் குறைபாடு, பள்ளி சேரும் வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏழு பேரிடம் இருப்பதாக அமெரிக்காவின் அயோவாவில் 1997இலும் இங்கிலாந்தின் சர்ரேயில் 2016இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் கண்டன. ஒரு வயதுக்குள் இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறைபாடு வரப்போகிற நூறு பேரில் எண்பது பேரை அது பிடிக்கும். வராத நூறு பேரில் எண்பது பேரைச் சரியாக விட்டுவிடும். சிசுப் பருவத்துக்கு இவ்வளவு திறமான மொழிச் சோதனை இன்று இல்லை, இருப்பதாகவே கொள்வோம். ஆயிரம் குழந்தைகளில் எழுபது பேருக்குக் குறைபாடு வரும். அவர்களில் 56 பேர் பிடிபடுவார்கள், 14 பேர் தப்பிப்போவார்கள். மீதி 930 பேரில் 186 பேர் காரணமில்லாமல் பட்டியலில் ஏறுவார்கள். ஆகப் பட்டியலில் உள்ள 242 பேரில் உண்மையாகவே குறைபாடு வரப்போகிறவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற நான்கில் மூன்று வீடுகளில் அம்மாவும் பாட்டியும் ஆண்டுக்கணக்கில் தூக்கம் இழப்பார்கள். அபூர்வமான ஒன்றைத் தேடும் எந்தச் சோதனைக்கும் இந்தக் கதி உண்டு.

இந்தக் கணக்கு காகிதத்தோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஷீனா ரைலியின் குழு ஏறத்தாழ 1,900 குழந்தைகளை எட்டு மாத வயதிலிருந்து தொடர்ந்து பார்த்தது. ஆணா பெண்ணா, குறைமாதமா, குடும்பத்தில் பேச்சுப் பிரச்சினை உண்டா, தாயின் கல்வி என்ன, வீட்டு மொழி என்ன என்று நம்மால் கேட்க முடிந்த கேள்விகளையெல்லாம் கேட்டது. இவை அனைத்தையும் சேர்த்தும் இரண்டு வயதில் குழந்தைகளுக்கிடையே காணப்பட்ட மொழி வேறுபாட்டில் நூற்றுக்கு ஏழு பங்கைத்தான் விளக்க முடிந்தது. நான்கு வயதில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கானது. இரண்டு வயதில் தாமதமாகப் பேசியவரா என்ற தகவலைச் சேர்த்தபோது கொஞ்சம் கூடியது. அப்போதும் பாதியைத் தொடவில்லை. தாமதமாகப் பேசியவர்களில் பலர் எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். சரியான வயதில் பேசத் தொடங்கிய சிலர் பின்னால் சறுக்குகிறார்கள். பின்னதை நாம் எதிர்பார்ப்பதே இல்லை. டாரதி பிஷப்பின் முன்முயற்சியில் ஆங்கிலம் பேசும் நாடுகளின் வல்லுநர்கள் கூடி, 2017இல் ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’ என்ற பெயரை ஏற்றபோதும், மூன்று வயதுக்கு முன் யாருக்கு அது நிலைக்கும் என்று கணிப்பது கடினம் என்பதை மறைக்கவில்லை. லண்டனில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் பாதிப் பேரைத் தாக்கிய பேச்சுக் குறைபாட்டின் பின்னால் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவின் ஒற்றை மாற்றம் இருப்பது 2001இல் தெரிந்ததும் ‘மொழி மரபணு’ கிடைத்துவிட்டதாக ஆரவாரம் எழுந்தது. அந்தக் குடும்பம் விதிவிலக்கு. மற்றப் பெரும்பாலோரிடம் பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு பங்காற்றுகின்றன; அவற்றைப் படித்து ஒரு குழந்தையின் எதிர்காலம் சொல்ல யாராலும் இயலாது.

செவித்திறனை மட்டும் ஏன் தனியே எடுத்து வைக்க வேண்டும்? அங்கும் இதே கணக்குத்தானே என்று கேட்கலாம். கேள்வி சரியானது, இன்னும் சொல்லப்போனால் அங்கே கணக்கு மேலும் மோசம். இரு காதிலும் நிலையான கேட்புக் குறையோடு பிறப்பவர்கள் ஆயிரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று பேர்தான். பிறந்த மருத்துவமனையில் நடக்கும் முதல் கட்டச் சோதனை, காதில் சற்று நீரோ மெழுகோ இருந்தாலும் ‘மறுபடி பார்க்க வேண்டும்’ என்று சொல்லிவிடும். ஆயிரத்தில் இருபது பேர் அப்படித் திருப்பி அழைக்கப்பட்டால் அவர்களில் இருவருக்கு மட்டுமே உண்மையான குறை இருக்கலாம். வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் ‘பெரா டெஸ்ட்’ என்று வழங்கும் சோதனை, தூங்கும் குழந்தையின் தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியாக ஒலிக்கு மூளைத்தண்டு தரும் பதிலைப் படித்து, சில வாரங்களுக்குள் ஐயத்தைத் தீர்த்துவிடும். இருபதில் பதினெட்டு வீடுகளின் கவலை மாதம் இரண்டில் முடிகிறது. மொழிக் குறைபாட்டுக்கு அப்படி ஐயம் தீர்க்கும் இரண்டாம் சோதனை கிடையாது. காலம்தான் அதைத் தீர்க்கும், அதுவும் மூன்று நான்கு ஆண்டுகளில். ஒரு முன்சோதனை பயனுள்ளதா என்பதை அதன் துல்லியத்தைக் காட்டிலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

பின்னால் இருப்பது பலனும் தருகிறது. கொலராடோ மாநிலத்தில் கேட்புக் குறையுள்ள 150 குழந்தைகளைக் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ ஒப்பிட்டார். ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டு உதவி பெறத் தொடங்கியவர்கள், அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள் என்று 1998இல் எழுதினார். விழிப்பான பெற்றோருக்குப் பிறந்தவர்கள்தானே சீக்கிரம் கண்டறியப்படுவார்கள், அதன் பலன்தான் இது என்று விமர்சனம் வந்தது. அதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பதில் உண்டு. பிறந்ததுமே எல்லாக் குழந்தைகளையும் சோதித்த மாவட்டங்களையும் சோதிக்காத மாவட்டங்களையும் காலின் கென்னடியின் குழு ஒப்பிட்டு 2006இல் முடிவை வெளியிட்டது. ஒன்பது மாதத்துக்குள் குறை உறுதி செய்யப்பட்டவர்கள் எட்டு வயதளவில் மொழியில் மேலான மதிப்பெண் பெற்றார்கள். உச்சரிப்பில் அந்த அளவு ஆதாயம் தெரியவில்லை. பின்னர் ஆஸ்திரேலியாவில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வும், கேட்புக் கருவி எவ்வளவு சீக்கிரம் பொருத்தப்படுகிறதோ அவ்வளவு நல்லது என்ற திசையிலேயே பேசியது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்று உலகெங்கும் சொல்லப்படும் வாய்பாடு இவற்றின் மேல்தான் நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது மற்ற இடங்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். இங்கு நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும்போது, பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணு மாற்றம் குழந்தையிடம் ஒன்றுசேர்ந்து காது கேளாமையாக வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, கர்ப்ப காலத் தொற்றுகள் ஆகியவையும் சேர்கின்றன. மாநிலம் கைகட்டி நிற்கவும் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பல லட்ச ரூபாய் பெறும் காக்ளியர் உட்செவிக் கருவி இலவசமாகப் பொருத்தப்படுகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பயனடைந்திருக்கிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. இருந்தும், குடும்பங்கள் ஆறு வயது என்ற வரம்பைக் காலக்கெடுவாக எடுத்துக்கொள்வது, முதல் ஆண்டிலேயே மூளை தன் மொழிக்கு ஒலிகளைத் தேர்ந்துவிடுகிறது என்ற முந்தைய சான்றோடு முரண்படுகிறது. அறுவைக்குச் செலவிட முன்வருவது எளிது, அது படம் பிடிக்கக்கூடியது. பிரசவ வார்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து நிமிடச் சோதனை, திரும்பி வராத குடும்பத்தைத் தேடிப்போகும் ஒரு செவிலியர், காத்திருக்க வைக்காத ஓர் ஆடியாலஜிஸ்ட் ஆகியவற்றில் படம் எடுக்க எதுவும் இல்லை. பிறப்பில் தேறிய குழந்தைக்கும் கேட்புக் குறை பின்னால் வரலாம் என்பதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த சிசுக்களுக்கு உட்செவி எதிரொலியை மட்டும் அளக்கும் எளிய சோதனை போதாது என்பதும் நடைமுறையில் எளிதாக மறக்கப்படுகின்றன. நரம்பு வழிப் பழுதை அச்சோதனை காட்டாது. அவர்களுக்கு முதலிலேயே பெரா தேவை.

கருவியைப் பற்றிய பேச்சில் ஒன்று விடுபட்டுப்போகிறது. முதல் ஆண்டில் குழந்தைக்குத் தேவைப்படுவது மொழி. அது காது வழியாகத்தான் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரின் காது கேளாத குழந்தைகள், கேட்கும் குழந்தைகள் வாயால் அசைகளை அடுக்கும் அதே காலத்தில் கைகளால் அடுக்குவதை லாரா-ஆன் பெட்டிட்டோவும் போலா மாரென்டெட்டும் 1991இல் காட்டினார்கள். ஆனால் காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அந்த வீட்டில் சைகை மொழி யாருக்கும் தெரியாது. கருவிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் குழந்தை எந்த மொழியும் இல்லாமல் இருக்கிறது. சைகை கற்றால் பேச்சு வராது என்ற அறிவுரை இங்கே இன்னும் தாராளமாக வழங்கப்படுகிறது. அதற்கு வலுவான சான்று எதுவும் இல்லை. இரண்டையும் தருவதால் இழப்பு ஏற்படும் என்று அஞ்சுவதைவிட எதையும் தராமல் ஓர் ஆண்டைக் கழிப்பதை அஞ்ச வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். குறைபாடு வருமா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் முன்னதாக உதவி கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்பது முதலாவது. இரக்கத்திலிருந்து வருவதால் வலுவானதும்கூட. மெல்பர்னிலேயே இதைச் சோதித்தார்கள். பதினெட்டு மாதத்தில் குறைவாகப் பேசிய 300 குழந்தைகளில் ஒரு பாதியின் பெற்றோருக்கு, குழந்தையோடு எப்படிப் பேசுவது என்று ஆறு வாரப் பயிற்சி கொடுத்து, மற்றப் பாதியை அப்படியே விட்டார்கள். மூன்று வயதில் இரு பிரிவுக்கும் மொழியில் வேறுபாடு இல்லை என்று மெலிசா வேக்கின் குழு 2011இல் எழுதியது. தீவிரமான, நீண்ட பயிற்சி, உண்மையிலேயே பின்தங்கிய குழந்தைகளுக்குப் பலன் தருகிறது என்பதற்கு வேறு ஆய்வுகள் உண்டு. ஆனால் அத்தகைய பயிற்சிக்கு ஆள் வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய ஊரில், தானாகவே பேசிவிடும் மூன்று குழந்தைகளுக்குத் தரப்படும் நேரம் தானாகப் பேசாத ஒரு குழந்தையிடமிருந்து எடுக்கப்படுகிறது. ஐயமோ புகாரோ இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லாரையும் பேச்சுத் தாமதத்துக்காகச் சலித்தெடுக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2024இல் சொன்னது. பெற்றோருக்கே சந்தேகம் வந்த குழந்தைக்கு இந்த முடிவு பொருந்தாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான வாதம் நம் வீடுகளில்தான் அதிகம் கேட்கும்: “அவங்க பெரியப்பாவும் மூணு வயசுலதான் பேசினார், தானா வந்துடும்.” புள்ளிவிவரப்படி பெரியவர்கள் சொல்வது பாதி சரி. இரண்டு வயதில் ஐம்பது சொல்லுக்கும் குறைவாகப் பேசும் குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளி வயதில் இயல்பான எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைகளைப் பதினேழு வயது வரை பின்தொடர்ந்த லெஸ்லி ரெஸ்கோர்லாவும் இதையே கண்டார். அதே பின்னணியில் வந்த சகவயதினரைவிடச் சொல்வளத்திலும் மொழிசார் நினைவாற்றலிலும் சற்றுக் கீழே இருந்தார்கள் என்பதையும் கண்டார். பெரியப்பாவை மேற்கோள் காட்டுவதில் உள்ள பிழை வேறு இடத்தில் இருக்கிறது. தானாக வருவோர் யார், வராதோர் யார் என்பதற்கு இரண்டு வயதில் சில தடயங்கள் உண்டு. காத்திருக்கச் சொல்பவர் அவற்றைப் பார்க்காமலே சொல்கிறார். சொன்னதைப் புரிந்துகொண்டு, வேண்டியதை விரலால் சுட்டி, உங்கள் முகத்தைப் பார்த்து, விளையாட்டில் பாவனை செய்து, பேச்சு மட்டும் குறைவாக உள்ள குழந்தைக்கு நிலைமை நம்பிக்கை தருவது. புரிதலும் குறைவு, சுட்டுதலும் இல்லை என்றால் அது வேறு குழந்தை. வந்த சொற்கள் மறைந்துபோனால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இந்த மூவருக்கும் பொதுவான ஒன்று, செவிச் சோதனை. அதற்குக் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை.

சொற்களை எண்ணுவது என்றதும் இன்னொரு சிக்கல் எழுகிறது. இதைப் பற்றித் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை. ‘இரண்டு வயதில் ஐம்பது சொல், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும்’ என்ற அளவுகோல் ஆங்கிலக் குழந்தைகளைப் பார்த்துச் செய்தது. ஆங்கிலக் குழந்தை இரண்டு மூன்று சொற்களைக் கோத்துச் சொல்வதைத் தமிழ்க் குழந்தை ‘வரமாட்டேன்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். அதற்குள் வினையும் மறுப்பும் தன்மை விகுதியும் அடங்கிவிட்டன. ‘பாப்பாவுக்கு’ என்பதில் பெயரும் வேற்றுமையும் இருக்கின்றன. மிக இளம் தமிழ்க் குழந்தைகள் இத்தகைய விகுதிகளைப் பெரும்பாலும் பிழையின்றிக் கையாள்வதைப் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இலேயே காட்டியிருக்கிறார்கள். சொல் எண்ணிக்கையை மட்டும் அளந்தால் இந்தக் குழந்தை பின்தங்கியதாகத் தெரியும்; விகுதிகளை அளந்தால் முன்னே நிற்கும். இதற்கு மாறாகவும் நேரலாம்: ஐம்பது பெயர்ச்சொல்லை அழகாகச் சொல்லி ஒரு வினைமுற்றையும் திரிக்காத குழந்தை ஆங்கில அளவுகோலில் தப்பித்துவிடும். ‘மம்மு’, ‘தாச்சி’ போன்ற மழலைச் சொற்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல பெற்றோர் அவற்றைச் சொல்லாகவே கருதுவதில்லை. திருவனந்தபுரத்தின் குழந்தை வளர்ச்சி மையம் மூன்று வயது வரைக்குமான மொழி மதிப்பீட்டு அளவையை உருவாக்கியிருக்கிறது. தமிழின் இலக்கணத்தை முதுகெலும்பாகக் கொண்டு, ஊரிலும் நகரிலும் பல சாதி வட்டார வழக்குகளிலும் சோதிக்கப்பட்ட ஓர் அளவை, கணிப்பு ஆராய்ச்சிகள் பலவற்றைவிட நமக்கு அவசரமாகத் தேவை.

கடைசியாக, பழி. குழந்தை பேசவில்லை என்றால் குற்றம் முதலில் தாயின் மேல் விழுகிறது: பேச்சுக் கொடுக்கவில்லை, போனைக் கொடுத்தாள், இரண்டு மொழி பேசிக் குழப்பினாள். ஏழை வீட்டுக் குழந்தை மூன்று வயதுக்குள் மூன்று கோடிச் சொல் குறைவாகக் கேட்கிறது என்ற புகழ்பெற்ற எண், அமெரிக்காவின் கான்சஸில் 42 குடும்பங்களில் மாதம் ஒரு மணிநேரம் பதிவு செய்து, அதைப் பெருக்கிப் பெற்றது. 1995இல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் வெளியிட்டார்கள். 2019இல் டக்ளஸ் ஸ்பெரியும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து சமூகங்களில் பார்த்தபோது ஒரே பொருளாதார மட்டத்துக்குள்ளேயே பெரிய வேறுபாடுகள் தெரிந்தன. சுற்றியிருப்போர் பேசுவதையும் சேர்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. மெக்சிகோவின் செல்தால் மாயர்களிடையே பெரியவர்கள் குழந்தையை நோக்கி நேரடியாகப் பேசுவது மிகக் குறைவு. ஆனாலும் அசை அடுக்குதலும் முதல் சொல்லும் பிற இடங்களில் வரும் காலத்திலேயே வருவதை மரிசா காசியாஸின் குழு பதிந்திருக்கிறது. இதிலிருந்து பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசும் ஆட்கள் பன்னிரண்டு முறை நேரில் விளையாடியபோது அம்மொழியின் ஒலிகள் பதிந்தன, அதே பேச்சைத் திரையில் காட்டியபோது பதியவில்லை என்ற குல்லின் 2003ஆம் ஆண்டுச் சோதனை, ஆளின் இடத்தைக் கருவி நிரப்பாது என்பதற்குப் போதுமான காரணம். ஆனால் திரை நேரத்தைக் குறைப்பது வேறு, மொழிக் குறைபாட்டுக்குத் திரையே காரணம் என்பது வேறு. இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இருமொழிச் சூழல் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. இரண்டு மொழியின் சொற்களையும் கூட்டி எண்ணினால் அக்குழந்தைகள் பின்தங்குவதும் இல்லை. நாவில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. அதோடு தேன் குழைத்துத் தருவது ஒரு வயதுக்குள் ஆபத்தும்கூட.

எனவே என் தீர்ப்பு இப்படி அமைகிறது. சிசுவின் மூளையலையைக் கொண்டு எதிர்கால மொழியைச் சொல்லும் ஆராய்ச்சி தொடரட்டும், அதை மருத்துவமனை விளம்பரமாக்கி விற்பதை அரசு தடுக்கட்டும். இரண்டு வயதில் ஒரு முறை மதிப்பிட்டு முத்திரை குத்துவதற்குப் பதில், தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் புரிதல், சுட்டுதல், சொல், விகுதி ஆகிய நான்கையும் கிராமச் செவிலியர் கேட்டுக் குறிக்கட்டும். செவிச் சோதனை மட்டும் இந்தப் பட்டியலுக்கு வெளியே, பிறந்த மருத்துவமனையிலேயே நடக்கட்டும். பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது கையில் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும், அதில் இரு காதுகளுக்குமான சோதனை முடிவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், அங்கே வசதி இல்லையென்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு ஒரு மாதத்துக்குள் எடுத்துச் செல்லுங்கள். ‘மறுபடி வாருங்கள்’ என்று எழுதியிருந்தால் குழந்தை சத்தத்துக்குத் திரும்புகிறதே என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். கதவு அறைவதற்குத் திரும்பும் குழந்தைக்கு ‘ச’வும் ‘த’வும் கேட்காமல் இருக்கலாம்.